டக்குவின் நீளமான நிமிடம்

உலகத்திலேயே மிக நீளமான நிமிடத்துக்குச் சொந்தக்காரர் டக்கு. சூரியன், சந்திரன், ரயில்வே ஸ்டேஷன் கடிகாரம், பரீட்சை ஹாலில் மணி அடிக்கும் பியூன் எல்லாரும் அறுபது விநாடியோடு அடங்கிவிடுகிறார்கள். டக்குவின் நிமிடத்துக்கு நூற்றி ஏழு விநாடி. அதுவும் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்த சாதனை இல்லை. பதினெட்டாயிரம் பேரை எழுந்து நிற்க வைத்து, வாயை மூட வைத்து, இருபத்திரண்டு ஆட்டக்காரர்களையும் நடுவரையும் தலைகுனிய வைத்து, வருடத்துக்கு ஒரு முறை வெட்டவெளியில் செய்துகாட்டியது. ராஜாக்கள் கோட்டை கட்டினார்கள், நாடு பிடித்தார்கள். ஒரு நிமிடத்தைப் பிடித்து நாற்பத்தேழு விநாடி இழுத்து நீட்டிய ராஜா எவராவது இருந்தால் வந்து முன்னால் நிற்கட்டும்.

இத்தனை பெரிய ஆள் வேலை பார்ப்பது கால்பந்து மைதானத்தின் ஆறாம் நம்பர் கேட்டில். இடுப்பு உயரத்தில் மூன்று இரும்புக் கைகள் வைத்த சுழல் கதவு அது. டிக்கெட்டை வாங்கிக் கிழித்துவிட்டு, ஸ்டூலுக்குக் கீழே இருக்கும் மிதியைக் காலால் அழுத்தினால் இரும்புக் கை ஒரு சுற்று விட்டுக்கொடுக்கும். ஒரு ஆள் உள்ளே போவார். 'டக்' என்று சத்தம் வரும். பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் கட்டத்தில் நம்பர் ஒன்று கூடும். ஒரு மிதி, ஒரு ஆள், ஒரு டக். இருபத்தேழு வருடமாக இதே வேலை. அதனால் டக்கு. சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருப்பதாகச் சொல்கிறார்கள். அது யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைக் கிண்டலுக்கு வைத்த பெயர் என்று நினைப்பார்கள். ஏனென்றால் டக்கு எதையும் டக்கென்று செய்து யாரும் பார்த்ததில்லை. முக்கியமாக, எழுத்து இருக்கும் எந்தப் பொருளும் அவர் கையில் சிக்கக் கூடாது. மாத்திரை அட்டையோடு வரும் மடித்த காகிதத்தை, விரலால் தொட்டுத் தொட்டு, கடைசியில் இருக்கும் கம்பெனி முகவரி வரை படித்துவிட்டுத்தான் மாத்திரையைப் போடுவார். அதற்குள் பாதி நாள் தலைவலி தானாகவே போய்விடும். லிஃப்டில் ஏறினால், எத்தனை பேர் ஏறலாம், தீப்பிடித்தால் என்ன செய்யலாம் என்று ஒட்டியிருப்பதைப் படித்து முடிப்பதற்குள் நான்கு மாடி தாண்டிவிடும். அவருடைய மனைவி துணி தோய்க்கும் பவுடரை வேறு டப்பாவில் கொட்டிவிட்டு உறையை ஒளித்துவைத்த கதையும் உண்டு.

கையெழுத்து என்றால் இன்னும் மோசம். மனைவியின் தங்கை மகன் ஒருவன் மாடி வீட்டில் இருக்கிறான். பதினாறு வயது. அப்பா கப்பலில் வேலை என்பதால் மார்க் அட்டையில் கையெழுத்துப் போடுகிற பொறுப்பு பெரியப்பாவான டக்குவுக்கு. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் விதிமுறைகளையும் படித்துவிட்டுத்தான் அவர் பேனாவைத் திறப்பார். ஒரு முறை அந்தப் பையன் பெரியப்பாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று தானே கையெழுத்தைப் போட்டுவிட்டான். கையெழுத்து அச்சு அசலாக இருந்தது. ஆனால் கீழே போன அட்டை இரண்டே நிமிடத்தில் மேலே வந்ததைப் பார்த்த அவன் அம்மா, ஒரு வார்த்தை கேட்காமல் கையில் கரண்டியை எடுத்துக்கொண்டார். மற்றபடி நல்ல பையன். அவனைப் பற்றி இங்கே சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

டக்கு பிறவியிலேயே இப்படி இல்லை. ஒரு காலத்தில் பெயருக்கேற்ற ஆளாகத்தான் இருந்திருக்கிறார். மாடிப்படியில் மூன்று மூன்று படியாக இறங்குவாராம். தட்டில் சாப்பாடு விழும்போதே கை கழுவ எழுந்துவிடுவாராம். இது அவருடைய மனைவியின் வாக்குமூலம். வாக்குமூலம் என்ற வார்த்தையை அந்த வீட்டில் சத்தமாகச் சொல்வதில்லை. காரணம் கீழே வருகிறது.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கோப்பை இறுதி ஆட்டம். ஆறாம் நம்பர் கேட் வழியாகக் கிழக்குப் பார்வையாளர் மாடத்துக்குப் போனவர்கள் இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினோரு பேர். கண்ணாடிக் கட்டத்தில் இருந்த நம்பர் அது. திரும்பி வருகிறவர்களை எண்ணும் கருவி எந்த கேட்டிலும் கிடையாது.

ஆட்டம் முடியப் பதினோரு நிமிடம் இருக்கும்போது ஆலங்கட்டி மழை கொட்டியது. கிழக்கு மாடத்துக்குக் கூரை இல்லை. அங்கிருந்து ஏழாம் நம்பர் கேட்டுக்கு இறங்கும் படிக்கட்டுக்குக் கூரை இருந்தது. பத்து பேர் அதற்குள் ஓடினால் மழைக்கு ஒதுங்குவது என்று பெயர். இரண்டாயிரம் பேர் ஓடினால் அதற்கு வேறு பெயர். படிக்கட்டின் அடியில் ஏழாம் நம்பர் கேட் பூட்டியிருந்தது. டிக்கெட் இல்லாதவர்கள் கடைசி நேரத்தில் நுழைந்துவிடுவார்கள், அதனால் ஆட்டம் முடிந்து விசில் ஊதும்வரை பூட்டு பூட்டாகவே இருக்கட்டும் என்று ஆபீஸ் சொல்லியிருந்தது. வாயால் சொன்னது. எழுதித் தரவில்லை.

அந்தப் பூட்டுக்குப் பொறுப்பு சாவி என்கிறவர். இடுப்பில் பதினாறு சாவிகள் தொங்கும் வளையம் இருப்பதால் அந்தப் பெயர். தூரத்தில் வரும்போதே மணி கட்டிய மாடு வருகிற மாதிரி சத்தம் கேட்குமாம். டக்குவும் சாவியும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே குடை, ஒரே டிபன் பாக்ஸ். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் எல்லா கேட்டையும் பூட்டிவிட்டுக் கடைசி ஆளாக வெளியேறுவது சாவிதான். பூட்டிய பிறகு ஒவ்வொரு பூட்டையும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். டக்கு ரோட்டில் காத்துக்கொண்டு நிற்பார், ஒரு தடவை இழுத்தால் பத்தாதா என்று திட்டுவார்.

அன்றைக்குக் கூச்சல் கேட்ட உடனே சாவி பூட்டைத் திறந்துவிட்டார். ஆபீஸைக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. உள்ளே இருந்து கூட்டம் அழுத்தினால் அது திறக்காது, இன்னும் இறுக மூடிக்கொள்ளும். டக்கு ஓடிவந்து சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் வெளியே நின்று தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். பின்னால் போங்கள், பின்னால் போங்கள் என்று கம்பி வழியாகக் கத்தினார்கள். முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்டது, அவர்களால் நகர முடியவில்லை. பின்னால் இருந்தவர்களால் நகர முடியும், அவர்களுக்குக் கேட்கவில்லை.

முப்பத்து நான்கு பேர். அவர்களுடைய பெயர்கள் இப்போது கிழக்கு மாடத்தின் சுவரில் ஒரு கருங்கல் பலகையில் இருக்கின்றன. மிகச் சின்ன வயது ஒன்பது. மிகப் பெரிய வயது எழுபத்தொன்று. ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் ஆட்டம் பார்க்கவே வரவில்லை, உள்ளே டீ விற்க வந்தவர். மைதானத்தின் எல்லா கேட்டும் இப்போது வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். அதை மாற்றுவதற்கு ஒரு வெல்டருக்கு இரண்டு நாள் பிடித்தது.

பிறகு விசாரணை. ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்து விசாரித்தார்கள். டக்குவின் முறை வந்தது. அதிகாரி கேள்வி கேட்டார், பக்கத்தில் ஒரு எழுத்தர் எழுதிக்கொண்டார். பூட்டுக்காரர் பூட்டைத் திறந்தாரா என்பது கேள்வி. டக்கு சொன்ன பதில் இவ்வளவுதான்:

"பூட்டைத் திறந்தான் சார். கதவு திறக்கல."

எழுத்தர் தப்பான ஆள் இல்லை. பேசுகிற பேச்சை எழுதுகிற தமிழுக்கு மாற்றுவதுதான் அவருடைய வேலை. நாம் பேசும்போது தண்ணி குடிச்சேன், சட்டை போட்டேன் என்றுதான் சொல்கிறோம். எழுதும்போது தண்ணீரைக் குடித்தேன், சட்டையைப் போட்டேன் என்று வாத்தியார் திருத்துகிறார். அந்த எழுத்தருக்கும் யாரோ நல்ல வாத்தியார் வாய்த்திருக்கிறார். அவர் எழுதியது: "பூட்டைத் திறந்தார். கதவைத் திறக்கவில்லை."

ஒரு 'வு' போய் ஒரு 'வை' வந்தது. கதவு திறக்கவில்லை என்றால் குற்றம் கதவின்மேல். கதவைத் திறக்கவில்லை என்றால் குற்றம் ஆளின்மேல். அதுவும் பூட்டைத் திறந்துவிட்டுக் கதவைத் திறக்காமல் வேடிக்கை பார்த்த ஆள். தமிழில் எப்போதும் தோற்கிறவர்களுக்குக்கூட இந்த வித்தியாசம் புரியும்.

காகிதத்தை டக்குவின் முன்னால் நீட்டினார்கள். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள். டக்கு பெயருக்கேற்ற மாதிரி டக்கென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது. உடன் பணியாற்றிய ஊழியரே ஒப்புக்கொண்டபடி, கதவுக்குப் பொறுப்பானவரின் அலட்சியம் என்று அதில் இருந்தது. சாவிக்கு வேலை போனது. டக்கு திருத்தச் சொல்லி மூன்று முறை அந்த ஆபீஸுக்கு நடந்தார். அறிக்கையை பைண்டிங் செய்தாகிவிட்டது என்றார்கள். ஒரு எழுத்துக்காக மறுபடியும் அத்தனை பேரையும் கூப்பிட முடியுமா என்று ஒருவர் கேட்டார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

சாவி அதைப் பேப்பரில் படித்திருந்தார். இரண்டு பேரும் டீக்கடையில் சந்தித்தார்கள். சாவி திட்டவில்லை. டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்:

"உனக்கு டக்குன்னு பேர் வச்சது சரிதான்டா. டக்குனு கையெழுத்துப் போட்டுட்ட."

அதற்குப் பிறகு சாவிக்கு எந்த வாசலிலும் வேலை கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் எதிரே வந்தால் ரோட்டைத் தாண்டிப் போனார்கள். ஆறு வருடம் கழித்து மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். சாவி இறந்தது படுக்கையில் என்பதால் அவருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. டக்கு ஏன் பவுடர் உறையைக்கூட எழுத்தெழுத்தாகப் படிக்கிறார் என்பது இப்போது புரிந்திருக்கும். அவருடைய மனைவி அதை ஒருபோதும் கேலி செய்வதில்லை. உறையை ஒளித்துவைப்பதோடு சரி.

இனி அந்த நிமிடம்.

முதல் வருட நினைவு நாளில், ஆட்டம் தொடங்கும் முன் ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று முடிவானது. யார் தொடங்கி யார் முடிப்பது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. அப்போதைய மேனேஜர் கையில் கிடைத்த விசிலைப் பக்கத்தில் நின்ற டக்குவிடம் கொடுத்தார். அன்றிலிருந்து அது டக்குவின் வேலை. ஒரு விசில், பதினெட்டாயிரம் பேரும் எழுந்து நிற்பார்கள். மறுபடி ஒரு விசில், உட்கார்வார்கள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று யாரும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கடிகாரம் பார்ப்பது நன்றாக இருக்காது.

மாடி வீட்டுப் பையன் பார்த்தான். மூன்று வருடம் போனில் அளந்தான். முதல் வருடம் நூற்றி நான்கு விநாடி. அடுத்த இரண்டு வருடமும் நூற்றி ஏழு. உலகத்தின் நீளமான நிமிடம் என்று தலைப்புக் கொடுத்து, பின்னால் குறட்டைச் சத்தம் சேர்த்து, ஒரு வீடியோகூடத் தயார் செய்து வைத்திருந்தான். நண்பர்களுக்கு அனுப்பியிருந்தால் நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

இந்த வருடம் மைதானத்துக்குப் புது மேனேஜர் வந்தார். புது ஸ்கோர்போர்டும் வந்தது, ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு. மௌன அஞ்சலியை இனிமேல் போர்டு பார்த்துக்கொள்ளும், அறுபதிலிருந்து பூஜ்யம் வரை எண் ஓடும், பூஜ்யத்தில் மணி அடிக்கும், உடனே ஆட்டம் தொடங்கும், டிவிக்காரர்களுக்கு அதுதான் வசதி என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஊழியர்கள் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தம் ஆறு வரி. டக்கு நாற்பது நிமிடம் படித்தார். பிறகு மேனேஜரிடம் போய், கொஞ்சம் கூடுதலாக நேரம் கிடைக்குமா என்று கேட்டார். மேனேஜர் நல்ல மனுஷன், நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பேசினார். ஒரு நிமிடம் என்றால் உலகம் முழுக்க அறுபது விநாடிதான், எதற்குக் கூடுதல் என்று கேட்டார். டக்கு பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மாடிக்கு ஆள் அனுப்பினார். பையன் வீடியோ விஷயம் தெரிந்துவிட்டது போல என்று பயந்துகொண்டே இறங்கி வந்தான். டக்கு சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். போனில் அறுபது விநாடி வைத்து, முடிந்ததும் சொல் என்றார் டக்கு. கண்ணை மூடிக்கொண்டார். வலது கால் தரையில் லேசாக அழுந்தி அழுந்தி எழுந்தது. அறுபது முடிந்து போன் மணி அடித்தது. டக்கு கண்ணைத் திறந்து, இருபது பேர்தான் போயிருக்கிறார்கள் என்றார்.

யார், எங்கே போனார்கள் என்று பையன் கேட்டான். டக்கு பதினெட்டு வருடத்தில் வாய்விட்டு அதைச் சொன்னது அன்றைக்குத்தான். சொன்னதும் பெரிதாக ஒன்றும் இல்லை, கேட் வேலையைப் பற்றிப் பேசுகிற மாதிரியே சொன்னார். விசில் ஊதியதும் ஏழாம் நம்பர் கேட்டை மனசுக்குள் வெளிப்பக்கமாகத் திறந்துவைத்து, அங்கே தன்னுடைய சுழல் கதவைப் போட்டுக்கொள்வாராம். கல்லில் இருக்கிற வரிசைப்படி ஒவ்வொருவராக வெளியே அனுப்புவாராம். பெயர், முகம், ஒரு டக். அடுத்தவர். ஒரு ஆளுக்கு மூன்று விநாடி. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இரும்புக் கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும். டீ விற்கிறவர் கெட்டிலை முன்னால் நீட்டிவிட்டுத்தான் நுழைவார். முப்பத்து நான்கு பேரும் போன பிறகு முப்பத்தைந்தாவதாகச் சாவி. அவருக்கு மட்டும் ஐந்து விநாடி. கேட்டைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்க்க வேண்டுமே.

அப்படியென்றால் கொஞ்சம் வேகமாக விட்டுப் பாருங்கள் என்று பையன் யோசனை சொன்னான். டக்கு முயன்றார். கால் தையல் மெஷின் மாதிரி அடித்தது. ஐம்பத்தெட்டாவது விநாடியில் சாவியும் வெளியே வந்துவிட்டார். பையன் கை தட்டினான். டக்குவின் முகத்தில் வேர்த்திருந்தது.

"வேகமா விட்டா மறுபடியும் நெரிசல்தான்டா" என்றார்.

காய் நறுக்கும் சத்தம் நின்றுவிட்டது. மனைவி திரும்பாமலே, அந்த அண்ணனை மட்டுமாவது முதலில் அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்டார். மற்றவர்களுக்கு அழுவதற்கு வீடு இருக்கிறது, கல் இருக்கிறது, சாவிக்கு என்ன இருக்கிறது என்பது அவருடைய வாதம். டக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"லைன்னா லைன்தான். அதுவும் பூட்டுறவன் முதல்ல போனா, மத்தவங்க எப்படி வருவாங்க?"

மணி அடிக்கிற இடத்தில் நின்றுவிடுவது என்று டக்கு முடிவு செய்துகொண்டார். இருபது பேர் வெளியே, பதினான்கு பேரும் சாவியும் உள்ளே. அடுத்த வருடம் இருபத்தொன்றாவது ஆளிலிருந்து தொடங்கலாம் என்றார். ஒரு வருடம் அவர்கள் படிக்கட்டிலேயே நிற்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. பையன் மாடிக்குப் போனான். அந்த வீடியோ அன்றைக்கே எப்படியோ அழிந்துவிட்டது. பழைய போன்.

நினைவு நாள் வந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் மைதானத்தின் ஓரத்தில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். டக்கு வழக்கமான இடத்தில், ஆட்டக்காரர்கள் வெளிவரும் பாதைக்குப் பக்கத்தில் நின்றார். சட்டைப் பையில் விசில் இருந்தது. விசில் ஊதத் தேவையில்லை என்றுதான் சுற்றறிக்கையில் இருந்தது, கொண்டுவரக் கூடாது என்று இல்லை. எழுத்தெழுத்தாகப் படித்தவருக்குத் தெரியாதா?

போர்டில் அறுபது என்று விழுந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். டக்கு கண்ணை மூடிக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

ஆறு பேர் போயிருப்பார்கள். போர்டில் எண் நாற்பத்தொன்றுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறையில், இரும்பு அலமாரிக்குப் பின்னால், கம்ப்யூட்டரிலிருந்து போர்டுக்குப் போகும் சிவப்பு ஒயர் கழன்று விழுந்திருந்தது. அதிர்வு தாங்காமல் விழுந்திருக்கலாம். எலியாகவும் இருக்கலாம். மைதானத்தில் எலிகளுக்குக் குறைவில்லை.

மேனேஜர் போர்டைப் பார்த்தார். நடுவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கையில் வாக்கி டாக்கி இருந்தது, ஆனால் பதினெட்டாயிரம் பேர் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கிற இடத்தில் எப்படிப் பேசுவது? வாயைத் திறந்து திறந்து மூடினார். ஆட்டக்காரர்கள் தலைகுனிந்தபடியே ஓரக்கண்ணால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால் எல்லாரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

டக்குவுக்கு இது எதுவும் தெரியாது. இருபதாவது ஆளை அனுப்பிவிட்டு மணிக்காகக் காத்திருந்தார். மணி வரவில்லை. இருபத்தொன்றாவது ஆள் முன்னால் வந்து நின்றுவிட்டார். நிற்கிறவரை எப்படித் திருப்பி அனுப்புவது? டக். அடுத்தவர். கடைசியாகச் சாவி வந்தார். கேட்டைப் பூட்டினார். ஒரு முறை இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

டக்கு கண்ணைத் திறந்து விசிலை ஊதினார். நூற்றி ஏழு விநாடி. யாரோ போனில் அளந்திருக்கிறார்கள்.

எலக்ட்ரீஷியன் மட்டும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். கேட்டதற்கு எலி என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். எலிப்பொறி வாங்கச் சொல்லி மேனேஜர் உடனே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மாடி வீட்டுப் பையன் அந்த நேரம் முழுவதும் கிழக்கு மாடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தவர்கள் நிறைய பேர். யார் யார் என்று இப்போது சொல்ல முடியாது.

ஆட்டம் தொடங்கியதும் டக்கு ஏழாம் நம்பர் கேட்டுக்கு வெளியே போனார். அங்கே சுவரோரமாகச் சாவியின் மனைவி நின்றிருந்தார். துணி தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவர். தோளில் தைத்த துணிகள் இருந்த பை. முதல் வருடம் அவர் உள்ளே வந்து உட்கார்ந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அதிலிருந்து வெளியே நின்றுதான் கேட்பார். கேட்பதற்கு ஒன்றும் இருக்காது, உள்ளே இருக்கும் அமைதியைக் கேட்பார்.

இந்த வருடம் அறுபது நொடிதான் என்று சொன்னார்களே அண்ணா, வழக்கம்போல நேரமாயிற்றே என்று அவர் கேட்டார். டக்கு மிதியை அழுத்துகிற மாதிரி காலைத் தரையில் தேய்த்தார்.

"கடைசி ஆள் வர்ற வரைக்கும் நிக்கணும்ல தங்கச்சி" என்றார்.

அந்த அம்மா பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். அந்தக் கடைசி ஆள் யார் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று டக்கு இதுவரை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மைதானத்தின் ஆண்டு மலரில் ஊழியர் ஒருவரைப் பற்றி எழுத ஓர் இடம் உண்டு. இந்த வருடம் டக்குவைப் பற்றி. எழுதியதைச் சம்பந்தப்பட்டவர் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். ஆட்டத்துக்கு வருகிற பதினெட்டாயிரம் பேரும் வாங்குகிற மலர் அது, பைண்டிங் செய்து அலமாரியில் பூட்டிவைக்கிற அறிக்கை இல்லை. மாடி வீட்டில் யாரோ இரவல் பேனாவில் எழுதிய காகிதங்கள் இப்படித்தான் டக்குவின் கைக்கு வந்தன.

அவர் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். பையன் வாசற்படியில் சாய்ந்துகொண்டு நின்றான். ராஜாக்கள் வருகிற இடத்தில் டக்கு லேசாக இருமினார். பவுடர் உறை வருகிற இடத்தில் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது. விசாரணை நடந்த இடத்துக்கு வந்ததும் விரல் நகரவில்லை. 'கதவு திறக்கவில்லை' என்று இருந்த வரியில் 'வு' என்ற எழுத்தை நகத்தால் தொட்டுக்கொண்டே இருந்தார். மை பரவியிருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி இருந்தது. பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, பேனாவைக் கேட்டார். பையன் ஓடிவந்து மூடியைத் திறந்து கொடுத்தான். டக்கு கையெழுத்துப் போடவில்லை. பின்னால் ஒரு பக்கத்தைப் புரட்டி ஒரு வார்த்தைக்குக் கீழே கோடு போட்டார்.

"எலின்னு எலக்ட்ரீஷியன் சொன்னாரு, மேனேஜரும் சொன்னாரு. சரி. ஒயர் செவப்புன்னு உனக்கு யாருடா சொன்னா?"